திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது

சின்னு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது அண்ணி லேப்டாப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் உட்காரவில்லை. குனிந்து, இடது கையால் மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். திரையின் நடுவே வெள்ளை நிறத்தில் ஒரு பியானோ தோன்றியது. அதற்கடியில் ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. முக்கால்வாசி தூரம் போனதும் ஏதோ யோசிப்பதுபோல் நின்றது. அடுத்த நொடி பியானோவும் இல்லை, கோடும் இல்லை. எதிர்பாராமல் மூடப்பட்டது என்ற வாசகம் மட்டும்தான் மிச்சம்.

"காலையிலிருந்து இதே கதைதான்," என்றாள் அண்ணி, திரும்பாமலே. "வருது, எட்டிப் பார்க்குது, போயிடுது. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவங்க மாதிரி."

சின்னு சிரித்திருக்கலாம். ஆனால் இந்த வீட்டுக்குள் கால் வைத்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. செருப்பைக் கழற்றும்போதுகூட முகத்தைக் கொஞ்சம் விறைப்பாகத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குட்டி என்பதால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் சின்னு. கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையையும் பெற்ற பிறகும் அது உதிரவில்லை. அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறவன். வருஷத்தில் பாதிக்குமேல் கடலில் இருப்பான். அண்ணி மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பாள். சின்னுவுக்கும் அண்ணிக்கும் நடுவே அப்படியொன்றும் சண்டையில்லை. குழந்தை பிறந்த மறுநாள் அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையை அவள் பக்கம் நீட்டினாள். அண்ணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம், தூங்கட்டும்." குழந்தை கண்ணை அகல விரித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. சின்னு அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அற்பமாகத் தெரியும் என்று அவளுக்கே தெரியும். ஆனால் தையல் ஆறின பிறகும் அது ஆறவில்லை. அண்ணி போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பிறகு அண்ணி கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள்.

இன்று காலை வந்த அழைப்பை மட்டும் சின்னு எடுத்தாள். "சின்னு, உனக்குக் கொஞ்சம் நேரம் இருக்குமா?" என்று அந்தக் குரல் கேட்டது. யாரிடமும் எதையும் கேட்காத குரல் அது. குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுடைய பிழைப்பே இதுதான். கடைக்காரர்கள் கணக்கு எழுதும் சாஃப்ட்வேரைத் தயாரிக்கும் கம்பெனியில், அது மக்கர் பண்ணும்போது தொலைபேசியில் வழி சொல்லும் வேலை. கூப்பிடுகிறவர்கள் எல்லாருமே முதலில் சொல்வது ஒன்றைத்தான்: நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு. அந்த ஒண்ணுமேக்குள் ஏதோ ஒன்று பதுங்கியிருக்கும். மனம் கோணாமல் அதை வெளியே வரவழைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அலுவலகக் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு?"

"நேத்து பிராக்டீஸ் பண்ணினப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுக்கப்புறம் ஏதாவது பண்ணினீங்களா?"

"ஒண்ணுமே பண்ணலை."

சின்னு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்டேட் போடவான்னு எதுவும் கேட்டுச்சா?"

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அது ஒரு வாரமா கேட்டுட்டே இருந்துச்சு. நச்சரிப்பு தாங்காம சரின்னு அழுத்தித் தொலைச்சேன். அதெல்லாம் ஒரு விஷயமா?"

"இல்லை அண்ணி. சும்மா கேட்டேன்."

நாலு மணிக்கு நிகழ்ச்சி. ஒரு பெரிய கம்பெனியின் ஆண்டு விழா. பாடுகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அவர், ஒரு டிரம்ஸ்காரர், ஒரு கிட்டார்காரர், அண்ணி. அவ்வளவுதான் குழு. வயலின், புல்லாங்குழல், டிரம்பெட் என்று மேடையில் ஆளில்லாத வாத்தியங்களெல்லாம் அண்ணியின் கீபோர்டிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் அந்தக் கீபோர்டுக்குச் சொந்தமாகக் குரல் கிடையாது. கட்டையை அழுத்தினால் அழுத்தினேன் என்ற சேதியை மட்டும் அனுப்பும். சத்தத்தை எழுப்புவது லேப்டாப்பில் இருக்கும் சாஃப்ட்வேர். அது திறக்காவிட்டால் கீபோர்டு வெறும் பலகை. அந்தப் பலகை மதியம் ஒரு மணிக்குள் மாஸ்டரின் வண்டியில் ஏற வேண்டும்.

"வேற கீபோர்டு வாடகைக்குக் கிடைக்குமே. அதுலயே சத்தம் வர்ற மாதிரி."

"அது சரிப்படாது."

"ஏன்?"

"சரிப்படாதுன்னா சரிப்படாது."

சின்னு லேப்டாப்பை அணைத்துப் போட்டாள். கோடு முக்காலில் நின்று மறைந்தது. கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருந்த சின்னப் பெட்டியின் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திறந்தாள். மறைந்தது. போன முறை வாசித்த பாடல்களை ஏற்றாமல், வெறுமனே திறக்கும்படி ஒரு விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். அப்போதும் அதே இடத்தில்தான் நின்றது. அது அவளுக்குப் பிடித்தது. இடத்துக்கு இடம் மாறுகிற கோளாறுதான் ஆளைக் கொல்லும். ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறது என்றால் அங்கே ஒரு கல் கிடக்கிறது என்று அர்த்தம்.

"முக்கால்வாசியில அது என்ன பண்ணுது தெரியுமா? ப்ளகின் எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்குது."

ப்ளகின் என்பது சாஃப்ட்வேருக்குள் செருகிக்கொள்ளும் இன்னொரு குட்டி சாஃப்ட்வேர். ஒன்று வயலின் சத்தம் தரும். ஒன்று எதிரொலி தரும். அண்ணி வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்தவை ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தன. சின்னு அதில் பாதியை எடுத்து வேறிடத்தில் போட்டுவிட்டுத் திறந்தாள். நீலக் கோடு கடைசிவரை ஓடி, கறுப்பும் சாம்பலுமாய்ப் பெரிய பலகை ஒன்று திரை முழுக்க விரிந்தது.

"ஓ!" என்றாள் அண்ணி. குழந்தைத்தனமான அந்தச் சத்தம் சின்னுவுக்குப் புதிது.

"இன்னும் முடியலை. வெளியே போட்ட பாதியில குற்றவாளி இருக்கு." எடுத்துப் போட்டதில் பாதியைத் திரும்பக் கொண்டுவந்தாள். மூடிக்கொண்டது. அந்தப் பாதியில் பாதி. திறந்தது. மிச்சத்தில் பாதி. இப்படியே சல்லடை போட்டு, கடைசியில் ஒரே ஒரு பெயரில் வந்து நின்றாள். எழுத்தும் எண்ணுமாய்த் தலைகால் புரியாத பெயர்.

"ஆளைப் பிடிச்சாச்சு அண்ணி. இது ஒண்ணுதான். இதைத் தூக்கிட்டா மத்ததெல்லாம் ஓடும்."

அண்ணி தோளுக்கு மேலாகக் குனிந்து அந்தப் பெயரைப் படித்தாள்.

"அதைத் தூக்க முடியாது."

"ரொம்பப் பழசு. யாரோ ஒருத்தர் பொழுதுபோக்குக்குச் செஞ்சு போட்டிருக்கார். இப்பப் பார்த்தேன், அவரோட இணையதளமே இல்லை. புது அப்டேட்டுக்கு இது ஒத்து வராது. பழைய நிலைக்கு மாத்தணும்னா நாள் பூரா ஆகும். அப்படி என்னதான் பண்ணுது இது?"

"சின்னு, அது இல்லாம நான் மேடை ஏற முடியாது."

"வயலின் இருக்கு, குழல் இருக்கு. எல்லாம் இருக்கே."

அண்ணி கீபோர்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். சின்னு வந்ததிலிருந்து அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. வலது கையைத் தூக்கிக் கட்டைகளின் மேல் வைத்தாள். வாசித்தாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் பழைய வேகத்தில் ஓடின. மோதிர விரலும் சுண்டு விரலும் பாதி மடங்கி, வேலைக்கு வராமல் வண்டியில் மட்டும் ஏறிக்கொண்டவர்களைப்போல் கூடவே போய்க் கூடவே வந்தன. மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் சுரங்கள் விழவேயில்லை. அங்கங்கே பல் விழுந்த சிரிப்புபோல் இருந்தது பாட்டு.

"எட்டு மாசமாச்சு," என்றாள் அண்ணி, கையை மடியில் போட்டுக்கொண்டு. "முதல்ல மரத்துப்போன மாதிரி இருந்துச்சு. கையை மடக்கித் தூங்கியிருப்போம்னு விட்டுட்டேன். முழங்கையில நரம்பு அழுந்தியிருக்காம். கத்தி வெச்சு விடுவிக்கணுங்கிறார் டாக்டர். வெச்சாலும் முழுசா வரும்னு கையடிச்சுச் சொல்ல மாட்டாராம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"நடுக்கடல்ல இருக்கிறவர்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? குதிச்சு நீந்தி வந்துடுவாரா?"

அந்த ப்ளகின் செய்த வேலையை அண்ணி கட்டைகளைத் தொட்டுத் தொட்டு விளக்கினாள். ஒரு சுரத்தை அழுத்தினால், அந்தப் பாட்டில் அதனோடு சேர வேண்டிய மேல் சுரத்தை அதுவே பார்த்துக் கூட்டிக்கொள்ளும். எந்தப் பாட்டுக்கு எது என்று உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்று விரல் வாசித்தால் ஐந்து விரல் வாசித்ததுபோல் கேட்கும். யாருக்கும் தெரியவில்லை. "மாஸ்டர் ஒருநாள் கூப்பிட்டு, இப்பல்லாம் உன் வாசிப்பு ரொம்ப நிறைவா இருக்கும்மான்னார்," என்று சொல்லும்போது அண்ணியின் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவே எங்கேயோ போய் நின்றுவிட்டது.

சின்னுவின் மனம் வேறொரு கணக்கில் இருந்தது. குழந்தைக்கு ஏழு மாதம்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த வாரம் ரெண்டு தடவை டம்ளரைக் கீழே போட்டிருந்தேன்," என்றாள் அண்ணி. "பிடிச்சிருக்கேன்னுதான் நினைச்சுட்டிருப்பேன். திடீர்னு கையில இருக்காது. குழந்தையாச்சே."

சின்னு எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். ஏழு மாதமாகக் காய்ச்சிக் காய்ச்சிக் கெட்டியாக்கி வைத்திருந்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. பாத்திரங்கள் கழுவும் இடத்தில் எல்லாமே எவர்சில்வராக இருந்தன. கண்ணாடி என்று ஒரு சாமான்கூடப் பக்கத்து அலமாரியிலும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு டம்ளர் குடித்தாள். திரும்பி வந்தபோது பழைய அலுவலகக் குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, வயலினை ரெண்டா அடுக்கிடறேன். நீங்க ஒரு கட்டையை அழுத்தினா, அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலேயும் சேர்ந்து கேட்கும். இந்த வசதி சாஃப்ட்வேர்லயே இருக்கு. ப்ளகினே வேண்டாம்."

செய்து கொடுத்தாள். அண்ணி வாசித்துப் பார்த்தாள். அடர்த்தி வந்தது. அண்ணி தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டாள்.

"இது கண்ணை மூடிட்டுக் கூடவே ஓடுது. அது பாட்டைப் பார்த்து வரும்."

"இன்னிக்கு ஒருநாள் ஒப்பேத்த முடியுமா?"

ஒவ்வொரு பாட்டாக எடுத்துப் பார்த்தார்கள். முக்கால்வாசிப் பாட்டுகள் தப்பிவிட்டன. மேல் சுரங்களில் விறுவிறுவென்று ஓட வேண்டிய மூன்று பாட்டுகளுக்கு மட்டும் எந்த அடுக்கும் உதவவில்லை. அங்கே விரல்தான் வேண்டும்.

"சாஃப்ட்வேர் தகராறு, இந்த மூணும் இன்னிக்கு வேண்டாம்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிடலாம்," என்றாள் சின்னு. "அது பொய்யும் இல்லையே."

"இல்லைதான்," என்றாள் அண்ணி.

சின்னுவும் ஸ்கூட்டரில் கூடவே போனாள். மறுபடி மூடிக்கொண்டால் பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள். மேடையின் பக்கவாட்டில், திரைக்கு மறைவாக ஸ்பீக்கர் வைத்துவந்த மரப்பெட்டியின் மேல் அவளுக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து அண்ணியின் முதுகும் லேப்டாப்பும் மாஸ்டரின் பாதி முகமும் தெரிந்தன. மாஸ்டர் ஐம்பதைத் தாண்டியவர், மை அடித்த முடி, மேடைக்கென்றே பளபளக்கும் சட்டை. மூன்று பாட்டு கிடையாது என்றதும் அவர் முகம் சுருங்கியது. "என்னம்மா இது, கடைசி நேரத்துல," என்றார். ஆனாலும் பாட்டுப் பட்டியலில் பேனாவால் மூன்று கோடு போட்டுவிட்டு மைக்கைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

எல்லாம் நன்றாகவே போயிற்று. கணவனிடமிருந்து, பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்று செய்தி வந்தது. சின்னு லேப்டாப் திரையைவிட அண்ணியின் வலது முழங்கையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாதவரை அதில் பார்க்க ஒன்றுமில்லை. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அண்ணி அந்தக் கையை மேசைக்கடியில் விட்டு உதறிக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடியப்போகிற சமயத்தில் கம்பெனியின் தலைவர் மேடையேறினார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். மைக்கை வாங்கி எல்லாருக்கும் நன்றி சொன்னார். கடைசியாக, தனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு என்று ஒன்றைக் கேட்டார். கோடு போட்ட மூன்றில் ஒன்று. கூட்டம் ஹோவென்று கைதட்டியது.

மாஸ்டர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். சின்னு பெட்டியிலிருந்து எழுந்தேவிட்டாள், முடியாது என்று சைகை காட்ட. அண்ணி அவளைப் பார்க்காமலே இடது கையைத் தூக்கி, உட்கார் என்பதுபோல் இரண்டு முறை தாழ்த்தினாள். பிறகு லேப்டாப்பில் அந்த அடுக்கை எடுத்துவிட்டு, ஒற்றை வயலினை மட்டும் வைத்துக்கொண்டாள்.

வழக்கமான வேகத்தில் பாதியில்தான் ஆரம்பித்தாள். மாஸ்டர் முதல் வரியைத் தன் வேகத்துக்கே பாடிக்கொண்டு போனார். தொடையில் தட்டித் தட்டி அவளை இழுத்துப் பார்த்தார். அவள் வரவில்லை. அவர் திரும்பினார். மெட்டு மேலே ஏறும் இடத்தில் அண்ணியின் இடது கை, தன் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வலது கைக்கு மேலாகத் தாவிப் போய் அந்தச் சுரங்களை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்தது. அடியில் தாங்க ஒன்றுமில்லாமல் பாட்டு அந்தரத்தில் நின்றது. கிட்டார்காரர் புருவத்தைத் தூக்கினார், பிறகு கீழ்ச் சுரங்களைத் தான் எடுத்துக்கொண்டார். மாஸ்டரின் கை தொடையில் தட்டுவதை நிறுத்தியது. அவரும் அவள் வேகத்துக்கு இறங்கி வந்தார்.

பாட்டு மெலிந்து, மெதுவாக, வேறு ஏதோ பாட்டுபோல்தான் இருந்தது. இரண்டு இடத்தில் பிசகியது. முடிந்தபோது எல்லாப் பாட்டுக்கும் வந்த அளவுக்கே கைதட்டல் வந்தது. கம்பெனித் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

மேடையைக் கலைக்கும்போது மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். சின்னுவைப் பார்த்துச் சொன்னார். "அந்த சாஃப்ட்வேரைக் கொஞ்சம் ஒழுங்கா சரி பண்ணிக் குடுத்துடும்மா. அடுத்தடுத்து நிகழ்ச்சி இருக்கு."

"பார்த்துடறேங்க," என்றாள் சின்னு.

அண்ணி கேபிளை இடது முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"சாஃப்ட்வேர் இல்லை மாஸ்டர். கை."

அவர் துண்டைத் தோளில் போட்டார். அவள் நீட்டிய கையைப் பார்த்தார். தொடவில்லை.

"எத்தனை நாளா?"

"மாசக்கணக்கா."

"சரியாகுமா?"

"ஆபரேஷன் பண்ணிக்கணும். அப்புறம்தான் தெரியும்."

"பண்ணிக்க. அதுவரைக்கும் வேற ஆள் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க. நான் திரும்பி வந்தா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "முதல்ல கேபிளைச் சுத்து, வண்டி நிக்குது பாரு," என்று சொல்லிவிட்டு, கீபோர்டின் ஒரு முனையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். எப்போதும் அதைத் தூக்க ஆள் வைத்திருப்பவர் அவர்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. சின்னு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். லேப்டாப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அண்ணி பின்னால் ஏறினாள். "எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போங்களேன்," என்றாள் சின்னு. "மெதுவாப் போ," என்றாள் அண்ணி. ஹெல்மெட்டுக்குள் சின்னுவுக்கு அது பாதிதான் கேட்டது.

சிக்னலில் வண்டி நின்றது. அண்ணியின் வலது கை சின்னுவின் தோளில் இருந்தது. அவளை அறியாமலே இருக்கலாம், அந்த விரல்கள் மெல்லத் தாளம் போடத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று என்று தோளில் தட்டு விழுந்தது. பிறகு இரண்டு தட்டு விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அந்த இடத்தை அவசரப்படாமல் அப்படியே விட்டுவிட்டு, மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கு பச்சையாகியும் சின்னு ஒரு கணம் கிளம்பவில்லை. பின்னாலிருந்த வண்டிகள் கத்த ஆரம்பித்தன.